இரவல் கை

“நான் சொல்றத முழுசாக் கேளு. சின்னதாயிருக்கு.”

“எது?”

“கை.”

“நாலு வயசுப் புள்ளையோட கை எப்படி வெண்டெல் சின்னதாகும்?”

“அதத்தான் நானும் கேக்கறேன். போன வருஷத்துக் காகிதத்து மேல இந்த வருஷத்தத வச்சு, விளக்குக்கு நேரா புடிச்சுப் பாத்தேன். விரல் நுனியெல்லாம் உள்ளயே நின்னுடுது. எங்க கப்பல் சமையல்காரன் சொல்றான், வெந்நீர்ல துவைச்சிருப்பாங்க, சுருங்கிப்போச்சுன்னு.”

ஐனோ சிரித்துவிட்டாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, ஒரு பெயின்ட் டப்பாவை ஆட்டும் இயந்திரத்தில் வைத்துப் பூட்டினாள். ஊரின் ஒரே இரும்புச் சாமான் கடையில் பெயின்ட் கலந்து கொடுப்பது அவள் வேலை. அவள் கணவன் வெண்டெல் இரும்புத் தாது ஏற்றும் கப்பலில் இருந்தான். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் கப்பல் கரையோரம் வரும்போதுதான் அவனுக்குப் பேச வழி உண்டு. அதனால் வீட்டு விசாரிப்பு எதுவும் இல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்துவிடுவான்.

“அப்புறம் அந்தக் கோடு,” என்றான்.

“என்ன கோடு?”

“போன வருஷத்துல நடுவிரலுக்குக் குறுக்க ஒரு வெள்ளைக் கோடு இருக்குமே. நான் அப்பவே கேட்டேன், கையில எங்கயாவது வெட்டிக்கிட்டாளான்னு. இல்லவே இல்லன்னு சொன்ன. தூரத்துல இருக்கற மனுஷன்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு நீ மறைக்கறியோன்னு நெனச்சேன்.”

“அதையே வருஷம் முழுக்க நெனச்சுக்கிட்டிருந்தியா?”

“படுத்தா கண்ணுக்கு நேரா இருக்கறது அது ஒண்ணுதான். வேற எத நெனைக்க?” என்றான் வெண்டெல். “வெள்ளிக்கிழமை மதியம் தாது ஏத்த வர்றோம். ரெண்டையும் கொண்டாறேன், நீயே பாரு. எது இவ கை, எது இல்ல, எனக்கு அது தெரிஞ்சாகணும்.”

கடைசிச் சொல் பாதியில் அறுந்தது. கப்பல் கரையை விட்டு விலகிவிட்டது.

இலையுதிர் காலம் வந்துவிட்டால் அந்த ஊரில் குழந்தை இருக்கும் வீட்டுக்கெல்லாம் ஒரு மரம் வரும். தேவாலயத்தின் நிலவறையில் நடக்கும் பாலர் பள்ளியில் அதைச் செய்வார்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பழுப்பு வண்ணம் பூசிக் காகிதத்தில் அழுத்தினால், முன்கை அடிமரமாகவும் விரல்கள் கிளைகளாகவும் விழும். வண்ணம் காய்ந்த பிறகு சுண்டுவிரலை மஞ்சளிலும் சிவப்பிலும் தொட்டுத் தொட்டு வைத்தால் இலைகள். தேவாலயத்து மீன் விருந்தன்று எல்லா மரங்களும் சுவரில் தொங்கும். விருந்து முடிந்ததும் ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போய்ச் சேரும். கணவன் கப்பலில் இருக்கும் பெண்கள் மட்டும் அதைத் தபாலில் போட்டுவிடுவார்கள்.

ஐனோவும் போன வருஷம் அப்படித்தான் போட்டாள். உறையில் வைத்து ஒட்டும்போது ஒரு தடவை பார்த்ததோடு சரி. நன்றாக விரிந்த கை என்று நினைத்தது நினைவிருக்கிறது. கோடு நினைவில் இல்லை.

வெண்டெல் அதைத் தன் படுக்கைக்கு மேலே ஒட்டிக்கொண்டான். அந்த உள்ளங்கை மேல் தன் கையை வைத்துத்தான் விளக்கை அணைப்பானாம். ஜனவரியில் ஏரி உறைந்து, கப்பலைக் கட்டிவிட்டு அவன் வீட்டுக்கு வந்தபோது மகள் மாரென் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவன் கையை நீட்டினால் இவள் கை முதுகுக்குப் பின்னால் போகும். தாடி பிடிக்கவில்லையோ என்று தாடியை எடுத்துப் பார்த்தான். புது முகத்தைக் கண்டு இன்னும் மிரண்டாள். பனி உருகி அவன் கிளம்பும் சமயத்தில்தான் அவன் மடியில் ஒரு பொம்மையை வைத்துவிட்டு ஓடும் அளவுக்கு வந்திருந்தாள். அதற்காக அவன் யாரையும் குறை சொல்லவில்லை. வாசலில் பையைத் தூக்கிக்கொண்டே ஒரு தடவை சொன்னான்: “காகிதத்துல நல்லாத்தான் பழகறா.”

அந்தக் காகிதத்தில் பழகியது யார் என்பதுதான் இப்போது கேள்வி.

சாயங்காலம் ஐனோ மகளை ஃப்ரிட்ஜ் முன்னால் நிறுத்தினாள். இந்த வருஷம் விருந்துச் சுவருக்கு ஒன்று போக இன்னும் இரண்டு மரங்களை முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஒன்றைத் தபாலில் போட்டுவிட்டு, ஒன்றை வீட்டிலேயே வைத்திருந்தாள். மாரென் கையை எடுத்து அந்த அச்சின் மேல் பொருத்தினாள். கட்டைவிரல் கொஞ்சம் வெளியே போனது. உள்ளே தள்ளினால் மற்றவை எல்லாம் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன.

“எதுக்கும்மா இது?” என்றாள் மாரென்.

“கை வளந்திருக்கான்னு பாக்கறேன்.”

“காலையிலேர்ந்தா?”

“இல்ல, நீ இதச் செஞ்சதுலேர்ந்து.”

மாரென் தானே ஒரு முறை எடுத்து வைத்துப் பார்த்தாள். “இன்னும் வளரல. நாளைக்குப் பாப்போம்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, இந்த வருஷத்தது இவளுடையது. அப்படியானால் வெண்டெல் ஒரு வருஷமாகத் தொட்டுக்கொண்டு தூங்கியது யார் கை?

மறுநாள் மகளைக் கொண்டுபோய் விடும் சாக்கில் ஐனோ நிலவறைக்குள் இறங்கினாள். கோரின் டீச்சர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தாழ்வான மேசையருகே முழங்காலிட்டிருந்தாள். முந்தின வாரம் வராத குழந்தைகளுக்கு அன்று மரம். காகிதங்களை வரிசையாகப் பரப்பி, மூலையில் பென்சிலால் பெயர்களை முதலிலேயே எழுதி வைத்திருந்தாள். வண்ணம் பூசிய பிறகு பெயர் எழுதப் போனால் எது யாருடையது என்று குழம்பிவிடும். அத்தனை வருஷ அனுபவம் அவளுக்கு.

“நல்லவேளை வந்த. இந்த மணிக்கட்டக் கொஞ்சம் புடி,” என்றாள் கோரின்.

பிடித்தாள். கோரின் வேலை செய்வதைப் பார்க்கவே நன்றாக இருந்தது. கையை வண்ணத்தில் முக்கவிடமாட்டாள். அகலத் தூரிகையால் பூசுவாள், உள்ளங்கைக் குழியில் மட்டும் ஒரு இழுப்பு கூடுதலாக. இல்லையென்றால் நடுவே வெள்ளையாய் ஓட்டை விழுந்துவிடும். “உன் கை மேல ஒரு தும்பி உக்காந்திருக்கு. அது தூங்குது. எழுப்பிடாத,” என்பாள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு விரலாக அழுத்திவிட்டு, கையை நேராக மேலே தூக்குவாள். ஒரு பக்கமாக இழுத்தால் கிளை கோணிவிடும்.

அடுத்து ரூபன் என்ற சின்னப் பையன். தூரிகையைக் கண்டதுமே கையை மூடிவிட்டான். தும்பி கதை அவனிடம் பலிக்கவில்லை. ஐனோ விரல்களை மெல்லப் பிரிக்கப் பார்த்தாள்; அத்தனை சின்னக் கைக்குள் அத்தனை பலமா என்று இருந்தது. அவன் உதடு கோணியதும் கோரின், “போதும், விடு,” என்றாள். “போய் வீடு கட்டு ராஜா.” அவன் மரக்கட்டைகளிடம் ஓடினான்.

கோரின் ரூபன் பெயர் எழுதிய காகிதத்தை நேராக்கி வைத்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். “வில்லா, வா கண்ணு. இன்னொரு தடவ.”

வில்லா என்ற பெண் குழந்தை எதுவும் கேட்காமல் வந்தாள். கோரின் சொல்வதற்கு முன்பே முன்கையை நீட்டினாள், விரல்களைச் சரியாக விரித்தாள், எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். வேலை முடிந்ததும் தானே போய்க் கையைக் கழுவிக்கொண்டாள்.

ஐனோ அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அழகான மரம். மூலையில் ரூபன்.

“இது அவன் காகிதமாச்சே,” என்றாள்.

“காபி குடிக்கிறியா?” என்றாள் கோரின்.

“டீச்சர்.”

“பூசணிக்காய் கேக்கும் இருக்கு. நேத்துப் பண்ணினது. இன்னைக்குத்தான் ருசி ஏறியிருக்கு.”

அந்த ஊரில் ஒருவர் காபியோடு கேக்கையும் நீட்டினால், அதைத் தின்று முடிக்கும்வரை மற்றவர் எதையும் கேட்கக் கூடாது. ஐனோ தின்று முடித்தாள்.

“போன வருஷம் என் மாரென் கையும் இப்படித்தானா?”

கோரின் தூரிகைகளைத் தண்ணீரில் அலசினாள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. “அவ ரெண்டு கையையும் அக்குளுக்குள்ள சொருகிக்கிட்டு மேசைக்கு அடியில போய் உக்காந்துட்டா. நானும் தினம் கேட்டுப் பாத்தேன். சனிக்கிழமை விருந்து. அம்மா அப்பா எல்லாரும் கோட்டக்கூடக் கழட்டாம நேரா சுவர்கிட்டப் போய் அவங்க புள்ள பேரத்தான் தேடுவாங்க. பேரு இருந்து மரம் இல்லன்னா அந்த முகத்த நீ பாத்திருக்கமாட்ட. நான் ஒரு தடவ பாத்திருக்கேன். அதுக்கப்புறம் சுவத்துல ஒரு இடத்தக் காலியா விட்டதில்ல.”

“அதுக்காக இன்னொருத்தர் கையையா?”

“ஒவ்வொரு வகுப்புலயும் ஒரு நல்ல கை வந்து சேரும் ஐனோ. வம்பு பண்ணாது, வேர்க்காது, கூச்சப்படாது. கடவுள் பாத்து அனுப்பறது. அடுத்த மாசம் நன்றித் திருநாளுக்குக் கை அச்சுலயே வான்கோழி செய்யணும். அதுக்கும் கைதான் வேணும்.”

“மாரெனுக்கு யார் கை?”

“அதச் சொன்னா அந்தப் புள்ளையோட அம்மாவுக்கும் சொல்லணும். அவங்களுக்குச் சொன்னா ஊர்ல இருக்கற ஃப்ரிட்ஜ் எல்லாம் என்னக் கேள்வி கேக்கும்.”

“எத்தன ஃப்ரிட்ஜ்?”

கோரின் தட்டைப் பார்த்தாள். “இன்னொரு துண்டு எடுத்துக்கோயேன்,” என்றாள்.

கோபம் வரவேண்டும் என்று ஐனோவுக்கும் தெரிந்தது. வரவில்லை. கடைக்கு வண்டியோட்டிப் போகும் வழியெல்லாம் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே போனாள். லார்ச் மரங்கள் பொன்னாகி ஊசியிலைகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வீட்டுச் சமையலறை ஜன்னலும் இன்று வேறு மாதிரி தெரிந்தது. எதற்குள் அந்தக் கை இருக்கிறதோ?

அது அவளைத் தேடிக்கொண்டு தானாகவே வந்தது.

மதியம், மரம் வெட்டும் ஆட்களில் ஒருவன், ஆரஞ்சு வேட்டைத் தொப்பி போட்ட பெரிய உடம்புக்காரன், பெயின்ட் மேசைக்கு வந்தான். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்த காகிதத்தை, முட்டையை எடுப்பதுபோல எடுத்து வெளியே வைத்தான்.

“இந்த இலை கலர் வேணும். பொண்ணு ரூமுக்கு. இதுவேதான் வேணுமாம், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகக் கூடாதாம்.”

பழுப்பு மரம். நன்றாக விரிந்த ஐந்து கிளைகள். நடுக் கிளைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

ஐனோ குனிந்து பார்த்தாள். கோட்டின் இரு ஓரமும் கத்தரித்ததுபோல நேராக இருந்தன. உள்ளே புள்ளிப் புள்ளியாக லேசாக வண்ணம் ஏறியிருந்தது. வெட்டுக்காயம் அப்படி விழாது. பிளாஸ்திரி ஒட்டிய விரல் அது.

“என் பொண்ணு கை. போன வருஷத்தது,” என்றான் அவன். “பொதுவாவே துறுதுறுன்னு இருப்பா. ஒரு இடத்துல நிக்கமாட்டா. இதுக்கு மட்டும் எப்படி நின்னான்னு தெரியல. பாருங்களேன், ஒரு விரல்கூட நலுங்கல.”

“நல்லா வந்திருக்கு,” என்றாள் ஐனோ.

“வீட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் காட்டுவேன். பொண்டாட்டி திட்டுவா.”

ஒரு வார்த்தை போதும். அந்தப் பெரிய உடம்பு அந்த மேசை முன்னாலேயே எப்படி ஆகிப்போகும் என்று அவளால் பார்க்க முடிந்தது. கோரின் ஏன் கேக்கை நீட்டினாள் என்பதும் புரிந்தது. மஞ்சளில் சிவப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரு துளி பழுப்பும் சேர்த்து, மூடியில் தடவிக் காயவைத்துக் காகிதத்தின் இலையருகே பிடித்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. அவன் திருப்தியோடு போனான்.

அன்றைக்கெல்லாம் அவள் மனம் இரு பக்கமும் ஆடியது. வெண்டெலிடம் மரம் நனைந்து காகிதம் விரிந்துபோயிருக்கும் என்று சொல்லிவிடலாம். காகிதம் விரியும்; பெயின்ட்காரி சொன்னால் நம்புவான். இன்னும் மூன்று மாதம் அந்தப் படுக்கையில் நிம்மதியாகத் தூங்குவான். ஆனால் மரம்வெட்டி தன் மகளோடு ஒரே வீட்டில் இருக்கிறான். அவனுக்கு அந்தக் கை ஒரு படம்தான். வெண்டெலுக்கு இருந்தது அந்தக் கை ஒன்று மட்டும். அதோடு, அவன் கேட்டிருக்கிறான். தெரிஞ்சாகணும் என்று சொல்லியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை ஐனோவும் மாரெனும் துறைமுக வேலியருகே வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்கள். துறைமேடையிலிருந்து தாது சரிந்து கப்பல் வயிற்றுக்குள் விழும் சத்தம் வண்டிக் கண்ணாடியை அதிரவைத்தது. வெண்டெல் ஏணியிறங்கி, வாயிற்காப்போனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, செந்தூசி படிந்த கோட்டோடு வந்து முன் இருக்கையில் ஏறினான். பின்னால் மாரென் ஆப்பிளைக் கடிப்பதை நிறுத்தினாள்.

“என்ன, பெரிய மனுஷி?” என்றான்.

மாரென் ஆப்பிளுக்கு மேலாக அவனைப் பார்த்தாள். இந்தத் தடவை ஒளியவில்லை.

அவன் கோட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தான். இரண்டு மரங்கள். பழையதன் ஓரங்கள் ஒட்டுநாடா பட்டு மஞ்சளாகியிருந்தன. உள்ளங்கை இருந்த இடம் மட்டும் எண்ணெய் பட்டதுபோல மினுங்கியது. அவன் கை பட்டுப் பட்டு அப்படி ஆகியிருக்கிறது. அதைக் கண்டதும் ஐனோ சொல்ல வைத்திருந்த முதல் வாக்கியம் வாயில் நின்றுவிட்டது.

அவன் அதை முன்கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தான். “இந்தா, பாரு. கோடு தெரியுதா?”

“அது எமில் கை,” என்றாள் மாரென் பின்னாலிருந்து.

வெண்டெல் திரும்பி அவளைப் பார்த்தான். வெளியே தாது விழுந்துகொண்டிருந்தது.

“எமில் யாரு?” என்றான் வெண்டெல்.

“எமில்தான். இப்பப் பெரிய ஸ்கூலுக்குப் போயிட்டான். டைனோசர் பிளாஸ்திரி போட்டிருந்தான். மிஸ் கோரின் கழட்டச் சொன்னாங்க. டைனோசருக்கு வலிக்கும்னு சொல்லிட்டான்.”

“அப்ப உன் கை?”

“என் கை என்கிட்டயே இருந்துச்சு,” என்றாள் மாரென், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

வெண்டெல் காகிதத்தை மடியில் இறக்கினான். ஐனோ மீதியைச் சொன்னாள்: மேசைக்கடியில் மாரென், தினமும் கேட்ட கோரின், ரூபன் காகிதத்தில் வில்லாவின் கை, மரம்வெட்டியின் இலை நிறம். அவன் குறுக்கிடாமல் கேட்டான். மரம்வெட்டி வந்த இடத்தில் மட்டும், “அவன்கிட்டச் சொல்லிடலயே?” என்றான்.

“இல்ல.”

“சொல்லாத.”

காகிதத்தின் ஓரத்தை நீவிவிட்டு, “ஊரான் வீட்டுப் புள்ளைக்கு ஒரு வருஷமா ராத்திரி குட்நைட் சொல்லியிருக்கேன்,” என்றான். “புயல்ல கப்பல் ஆடின அன்னைக்கு அதுகிட்ட என்னென்னமோ பேசியிருக்கேன். சமையல்காரனுக்குத் தெரிஞ்சா இந்த சீசன் முழுக்க என்ன வச்சு விளையாடுவான்.” சிரிக்கப் பார்த்தான். பாதிதான் வந்தது.

மாரென் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டியிருந்தாள். மடியில் திறந்து கிடந்த அவன் கையைத்தான் பார்த்தாள். ஒரு விரலால் அந்த உள்ளங்கையில் கோடு இழுத்தாள். செந்தூசி விலகி ஒரு வெளிர்த் தடம் விழுந்தது.

“இது பெயின்டா?”

“தாது.”

“கழுவினா போகுமா?”

“ஜனவரிலதான் முழுசாப் போகும்.”

அவள் தன் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பாகியிருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, இன்னொரு கோடும் இழுத்தாள். வெண்டெல் கையை அசைக்கவில்லை. அதன் மேல் தும்பி உட்கார்ந்திருப்பதாக யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.

துறைமேடையில் சத்தம் குறைய ஆரம்பித்தது. அவன் புது மரத்தை மேலே வைத்து, பழையதைக் கீழே வைத்து, இரண்டையும் உறைக்குள் போட்டான்.

“பழையத என்கிட்டக் குடுத்துடேன். நான் பாத்துக்கறேன்,” என்றாள் ஐனோ.

அவன் அது காதில் விழாததுபோல உறையைக் கோட்டுக்குள் வைத்தான். “இந்த எமில் யார் வீட்டுப் பையன்?”

“பேக்கரியில இருக்கற ஷெரில் பையன். சர்ச்சுல எனக்குப் பக்கத்துலதான் பாடுவா.”

“நல்ல மாதிரியா?”

“நல்ல மாதிரிதான். அவளுக்கு இது ஒண்ணும் தெரியாது. கோரின் சொல்லவும் மாட்டாங்க. ஏன் கேக்கற?”

“சும்மா.”

கப்பலில் யாரோ கையசைத்துக் கூப்பிட்டார்கள். அவன் இறங்கி, கதவைச் சாத்தி, வேலிவரை போனான். வாயிற்காப்போன் கதவைத் திறந்து பிடித்தும் உள்ளே போகாமல் நின்றான். பிறகு திரும்பி வந்து, ஐனோ பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான். இறக்கினாள். அவன் குனிந்தான். ஆனால் அவளைப் பார்க்காமல் வண்டிக் கூரையில் படிந்திருந்த லார்ச் ஊசிகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான்.

“ஷெரில்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரேன்,” என்றான். “அந்தப் பையன் கை இந்த வருஷம் எவ்வளவு வளந்திருக்குன்னு எனக்குப் பாக்கணும். ஒரு காகிதத்துல வச்சு அனுப்பச் சொல்றியா?”